பன்னிரண்டு மணிக் கட்டம்

பத்தரைக்கு விசாரணை என்று கடிதத்தில் இருந்தது, இப்போது பதினொன்று பத்து, கதவு இன்னும் மூடியே இருக்கிறது. மூடியிருப்பது நல்லது என்று ஒரு மனம் சொல்கிறது, திறந்து தொலையட்டுமே என்று இன்னொரு மனம் சொல்கிறது, இரண்டுக்கும் நடுவில் நான் இந்த மர பெஞ்சில் உட்கார்ந்து என் இடது மணிக்கட்டை வலது கை விரல்களால் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நாடி பார்க்கிறேன் என்பதே இப்போதுதான் தெரிகிறது. பதினோரு வாரமாக யாருடைய நாடியையும் தொடாத விரல்கள், பிடிக்க வேறு கை கிடைக்காமல் என் கையையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. நூற்றுப் பன்னிரண்டு. அதிகம். ஒரு நோயாளிக்கு இப்படி இருந்தால் டாக்டரிடம் ஓடியிருப்பேன். ஓடியிருப்பேனா? அல்லது எண்பத்திரண்டு என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பேனா? இப்படித்தான். எங்கே தொடங்கினாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. காலையில் பல் துலக்கும்போது தொடங்கினாலும், அரிசி களையும்போது தொடங்கினாலும், அங்கேதான். எதிர்ச்சுவரில் ஏதோ ஒரு முகாமின் அறிவிப்பு பாதி கிழிந்து தொங்குகிறது, அதைப் பார். தரையில் எறும்பு போகிறது, அதைப் பார். மேலே மின்விசிறி சுற்றுகிறது. மேலே பார்க்காதே.

என்மேல் உள்ள குற்றச்சாட்டு ஒரே ஒரு வாக்கியம். பதினேழு பி என்று எங்கள் ஆட்கள் சொல்லும் அந்த ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை வந்த நாளிலிருந்து, அது எனக்கு மனப்பாடம். பெண்கள் மருத்துவப் பிரிவு, பதினேழாம் எண் கட்டில், நோயாளி பேச்சியம்மாள், வயது ஐம்பத்துநான்கு, டெங்குக் காய்ச்சல், பிற்பகல் ஒன்று ஐம்பத்திரண்டுக்கு இறந்துவிட்டதாக மருத்துவர் எழுதியிருக்க, அதே நோயாளிக்குப் பிற்பகல் இரண்டு மணிக்கு இரத்த அழுத்தம் நூற்றுப் பத்துக்கு எழுபது, நாடி எண்பத்திரண்டு, வெப்பம் தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு என்று செவிலியர் திருமதி செண்பகவல்லி பொய்யாகப் பதிவு செய்துள்ளார். திருமதி செண்பகவல்லி நான்தான். நூற்றுப் பத்துக்கு எழுபது. உயிரோடு இருக்கிற எனக்கே அவ்வளவு நல்ல பிரஷர் கிடையாது. பேச்சியம்மாளின் மகன் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையைப் போனில் படம் எடுத்துவிட்டான், மறுநாள் விடிவதற்குள் அது எல்லாருடைய போனிலும் இருந்தது. பிணத்துக்குப் பிரஷர் பார்த்த நர்ஸ். என் வீட்டுக்காரர் அய்யாத்துரை பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். வேனில் ஏறிய ஒரு சின்னப் பிள்ளை அவரிடம், "அங்கிள், பேய்க்குப் பிரஷர் இருக்குமா?" என்று கேட்டதாம். அவர் சிரிக்காமல்தான் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

கட்டம் என்றால் என்ன என்று இந்த அறைக்குள் இருப்பவர்களுக்கு எப்படிச் சொல்வது? ஒரு தாள். மேலே மணி, பக்கவாட்டில் பிரஷர், நாடி, வெப்பம். எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு. ஒவ்வொரு மணிக்கும் கீழே மூன்று கட்டம். நாற்பத்தாறு நோயாளி, ஒரு வேளைக்கு இரண்டு நர்ஸ், ஒரே ஒரு பிரஷர் கருவி, அதன் பட்டை ஒட்டாது, கட்டுத் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டுத்தான் அளக்க வேண்டும். ஒரு ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால்கூட நாற்பத்தாறு பேருக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேலே. அதற்குள் அடுத்த மணி வந்துவிடும். ஊசி யார் போடுவது, சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது என்று கத்துகிறவளுக்கு யார் போவது? நான்கு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் வார்டில் ஒரு பெண்ணுக்கு வலிப்பு வந்துவிட்டது, அவளோடு முக்கால் மணி நேரம் போனது, கடைசி நான்கு கட்டிலுக்கு என்னால் போக முடியவில்லை. பார்க்கவில்லை, அதனால் எழுதவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டேன். அன்றைக்குப் பார்த்து மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். கட்டம் ஏன் காலியாக உள்ளது என்று மூன்று நாளில் விளக்கம் கேட்டு மெமோ. என் பணிப் பதிவேட்டில் அதற்குக் கண்டனம் ஏறியிருக்கிறது. அளந்து எழுதிய நாற்பத்திரண்டு பேரைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று மாலை எங்கள் வார்டுப் பொறுப்பாளர் ஜெபமணி சிஸ்டர் என்னை மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, "ஏட்டி செண்பா, காலியா விட்டாத்தான் கேப்பான். எழுதி வச்சா எவன் கேக்கப் போறான்?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் தோளில் கை வைத்துத்தான் சொன்னார். அதற்கப்புறம் என் தாளில் காலிக் கட்டம் கிடையாது. எப்படி எழுத வேண்டும் என்பதும் தானாகவே வந்துவிட்டது. ஒற்றைப்படை எண் எழுதக் கூடாது, ஏனென்றால் கருவியில் கோடுகள் இரண்டிரண்டாகத்தான் இருக்கும். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலுக்கு ஒரே எண் வரக் கூடாது. வயதானவர்களுக்குக் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டும். டியூட்டி முடிகிற இரண்டு மணிக் கட்டத்தைப் பன்னிரண்டு மணிக்கே போட்டு வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்து வருகிறவள் பொறுப்பு வாங்க மாட்டாள். நாங்கள் யாரும் அதைப் பொய் என்று சொன்னதில்லை. "முடிச்சாச்சா?" என்று கேட்போம். "முடிச்சாச்சு" என்போம்.

அந்த நாள் காலை எனக்குத் துணையாக இருந்தவள் ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு ஸ்கேனுக்குப் போய்விட்டாள், நான் ஒருத்திதான். பத்து மணிக்குப் பேச்சியம்மாளை அளந்தேன். அது நிச்சயம். நூற்றுப் பத்துக்கு எழுபது, நான் அளந்தது, என் காதால் கேட்டது. "பட்டை இறுக்குது தாயி" என்று அந்த அம்மா சொன்னதும், "ஆயிப்போச்சும்மா, இந்தா அவுத்துட்டேன்" என்று நான் சொன்னதும் நிச்சயம். அவர்கள் கை கனமான கை, கீரை ஆய்ந்து ஆய்ந்து கட்டைவிரல் கறுத்திருந்தது. டாக்டர் சிவப்பு மையில் எழுதியிருந்தார், இரண்டு மணி நேரத்துக்கொரு முறை பார்க்கவும் என்று. அது பத்து. பிறகு பன்னிரண்டு. பன்னிரண்டு மணிக்கு, வேண்டாம். குற்றச்சாட்டில் இருப்பது இரண்டு மணிக் கட்டம்தான். பன்னிரண்டு மணிக் கட்டத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு அந்த அம்மா உயிரோடு இருந்தார்கள், உயிரோடு இருக்கிறவர்களுக்கு எழுதிய எண்ணில் யாருக்கு என்ன சந்தேகம் வரும்? நூற்றெட்டுக்கு எழுபது. சாதுவான எண். யாரையும் எழுப்பாத எண். கேட்காத கேள்விக்கு நீ ஏன் பதில் சொல்லிக்கொண்டு திரிகிறாய் செண்பகம்?

ராமசுப்பு அண்ணனும் அதையேதான் சொன்னார். எங்கள் சங்கத்தின் மாவட்டச் செயலாளர், இந்த மாதிரி எத்தனையோ பார்த்தவர், போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். "இங்க பாருங்க, ரெண்டே வார்த்தைதான். பாக்காம எழுதுனா பொய்ப் பதிவு. முன்னக்கூட்டிப் பாத்துட்டு எழுதுனா கவனக்குறைவு. பொய்ப் பதிவுன்னா வேலை போகும், நர்சிங் கவுன்சில்ல பேரையும் வெட்டிருவான். கவனக்குறைவுன்னா ஒரு தட்டு தட்டி விட்டுருவான். ஒரு மணிக்கு நீங்க போயி அந்தம்மாவைப் பாத்தீங்க, அளந்தீங்க, ரெண்டு மணிக் கட்டத்துல எழுதுனீங்க. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்தம்மா திடீர்னு போய்ட்டாங்க." நான், ஒரு மணிக்கு நான் போகவில்லையே அண்ணா என்றேன். "போகலைன்னு யாருக்குத் தெரியும்? அந்தம்மா மக அப்போ பக்கத்துல இல்ல, ஜூஸ் வாங்கக் கீழ போயிருக்கு. நான் விசாரிச்சுட்டேன். திரும்பி வந்து ஒண்ணே காலுக்கு ஜூஸ் குடுத்திருக்கு, குடிச்ச கொஞ்ச நேரத்துல கண்ணு சொருகிருக்கு. உள்ள சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்ணச் சொல்லுவாங்க. மூணே கேள்வி. ஒரு மணிக்கு நீ பக்கத்துல இருந்தியா. வந்து என்ன குடுத்த. யாரைக் கேட்டுக் குடுத்த. கேட்டுட்டு உக்காந்துருங்க. மிச்சத்தை விசாரணை அதிகாரியே எழுதிக்கிடுவாரு." அய்யாத்துரை அவருக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றார். இன்று காலை என் சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், "அண்ணன் சொன்னதையே சொல்லிரு. வேலை போனாப் போகட்டும்னு சொல்ல எனக்கும் ஆசைதான். சொல்ல முடியல செண்பகம்" என்றார். சேலை மடிப்பு கத்தி மாதிரி நிற்கிறது. அதன்மேல் என் கை வியர்வை படாமல் பார்த்துக்கொள்கிறேன், படுகிறது.

இதோ ஜெபமணி சிஸ்டர் படியேறி வருகிறார், மூட்டு வலி, ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்து நிற்கிறார். அவரும் சாட்சி. என்னைப் பார்த்ததும் நின்று, சுற்றும் பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்தார். அதே பழைய பவுடர் மணம். "சாப்டியாட்டி?" என்றார். சாப்பிட்டேன் சிஸ்டர் என்றேன், பொய். "நான் எழுதச் சொல்லலைன்னுதான் சொல்லுவேன். மனசுல வச்சுக்காத. எனக்கு இன்னும் நாலு மாசம்தான் சர்வீஸ் இருக்கு." பரவாயில்லை சிஸ்டர். "எல்லாரும் செய்யுததுதான். ஒன் நேரம், ஒன்னோடது செத்துப்போச்சு." சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டவர்போல நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, பக்கத்து அறைக்குள் போய்விட்டார். என்னோடது செத்துப்போச்சு. எங்கள் வார்டில் எல்லாருடைய கட்டத்துக்குள்ளும் ஒரு உயிர் இருந்தது, எல்லாருடையதும் பிழைத்துக்கொண்டது, வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றது. அவர்கள் பிழைத்ததால் அவர்களுடைய எண்கள் உண்மையாகிவிட்டன. என்னுடையது மட்டும். நாற்பத்தாறு தாளிலும் அன்றைக்கு இரண்டு மணிக் கட்டம் நிரம்பித்தான் இருந்தது. அந்தத் தாள்கள் பதிவறையில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. இவர்கள் மொத்தத்தையும் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தால்? பார்க்க மாட்டார்கள். ஏன் பார்க்கப் போகிறார்கள்? பார்த்துவிட்டால்? நூற்றுப் பதினெட்டு. நாடி இன்னும் ஏறுகிறது. கையை எடு.

"சிஸ்டர், என்னைத் தெரியுதா? பேச்சியம்மா மக. மாரிக்கனி."

தெரியாமலா? இந்த முகத்தைத்தான் பதினோரு வாரமாகக் கண்ணை மூடினால் பார்க்கிறேன். அன்று அலறிய முகம். இப்போது அலறாமல், துணிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, முப்பது வயதுக்கு மேல் தெரியாத ஒரு மெலிந்த பெண்ணாக முன்னால் நிற்கிறாள். பெஞ்சின் அந்த முனையில் உட்காருவாள் என்று நினைத்தேன். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்கண்ணன் வரல. மனு குடுத்தது அவன்தான். இன்னைக்கு லோடு இருக்குன்னு என்னைய அனுப்பிட்டான். உள்ள நெறைய கேப்பாங்களா சிஸ்டர்?"

"தெரிஞ்சதைச் சொன்னாப் போதும்மா."

"ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல. கோவில்லகூட சொல்லுவேன். அன்னைக்கு மத்தியானம் அம்மா குளிருது குளிருதுன்னாங்கல்ல, நீங்கதான வந்து ஃபேனை அமத்துனீங்க? வார்டே வேத்து வடியுது, பக்கத்துக் கட்டில்காரி சண்டைக்கு வாரா. நீங்க, பாவம் காய்ச்சல் விட்ட ஒடம்புன்னு சொல்லி அமத்துனீங்க. அண்ணன்கிட்ட அதையும் சொன்னேன். அவன் கேக்கல."

மேலே பார்க்காதே. பார்த்துவிட்டேன். மூன்று இறக்கையும் தெரியாமல் ஒரே வட்டமாகச் சுற்றுகிறது. அன்று மணி பன்னிரண்டு பத்து. நான் கால்மாட்டில் நிற்கிறேன், கையில் பேனா, அட்டையைக் கம்பியிலிருந்து எடுக்கக்கூட இல்லை, தொங்கியபடியே எழுதுகிறேன். "காய்ச்சல் இருக்கா?" "இல்ல சிஸ்டர், விட்டுருச்சு." "நல்லது." நூற்றெட்டுக்கு எழுபது. அப்படியே அடுத்த கட்டம், நூற்றுப் பத்துக்கு எழுபது. அப்போதுதான் அந்த அம்மா போர்வைக்குள்ளிருந்து, "கையும் காலும் சில்லுன்னு இருக்கு தாயி, காத்தை நிறுத்து" என்றார்கள். நான் சுவரோரம் போய் விசையைத் தட்டினேன். கையைத் தொடவில்லை. இரண்டு அடி தூரத்தில் இருந்தது அந்தக் கை. டெங்குவில் காய்ச்சல் அடிக்கும்போது பயம் இல்லை, காய்ச்சல் விட்ட பிறகுதான் கண்ணை எடுக்கக் கூடாது, கை கால் குளிர்ந்தால் உள்ளே பிரஷர் இறங்குகிறது என்று அர்த்தம், உடனே அள, உடனே டாக்டரைக் கூப்பிடு, உடனே சொட்டு மருந்தை ஓடவிடு. இது எனக்குத் தெரியாதா? புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான்தானே சொல்லிக்கொடுப்பேன்? அந்த அம்மா வாயால் சொன்னார்கள். நான் ஃபேனை நிறுத்தினேன். அதற்கு நன்றி சொல்கிறாள் இவள்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கட்டா? தப்பா எடுத்துக்கிடாதீங்க." மாரிக்கனி பையின் காதைச் சுருட்டிச் சுருட்டி விடுகிறாள். "ஒங்க சங்கத்துக்காரரு போன வாரம் போன் போட்டாரு. ஒரு மணிக்கு எங்க இருந்தன்னு கேட்டாரு. ஜூஸ் வாங்கப் போனேன்னேன். அப்போதான் சிஸ்டர் வந்து ஒங்கம்மாவைப் பாத்தாங்க, பிரஷரு ரொம்ப நல்லா இருந்துச்சுன்னாரு. நெசமா சிஸ்டர்? நான் கீழ போனப்பம் அம்மா நல்லாத்தான் இருந்தாங்களா?"

வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"ஏன் கேக்கேன்னா, அண்ணன் ஒரே பேச்சாச் சொல்லுதான். நர்ஸு மேல மனு குடுத்தது ஊருக்காக, கொன்னது யாருன்னு எனக்குத் தெரியும்ங்கான். நான் குடுத்த ஜூஸுதான் பொரையேறி உயிரு போச்சாம். பதினாறாம் நாளு என்னைய அடுப்படிக்குள்ள விடல. நானும் நெனைச்சுப் பாக்கேன். வந்தேன், தலையைத் தூக்கிப் பிடிச்சேன், ரெண்டு மடக்குதான் குடிச்சாங்க, அப்படியே கண்ணு மேல போச்சு. ஒரு மணிக்கு நல்லா இருந்தவங்க, ஒண்ணே காலுக்கு நான் வந்ததும் போனாங்கன்னா, நடுவுல நான்தான சிஸ்டர் இருக்கேன்?"

"உள்ள கேப்பாங்கம்மா," என்றேன். அவ்வளவுதான் வந்தது. இதைவிடக் கேவலமான ஒரு பதிலை யோசித்துக்கூடக் கண்டுபிடித்திருக்க முடியாது. அவள் தலையை ஆட்டினாள், பெரிய டாக்டர் ஏதோ சொல்லிவிட்டதுபோல.

இல்லாத ஒரு மணியை ராமசுப்பு அண்ணன் செய்து என் கையில் கொடுத்திருக்கிறார், நான் அதில் ஏறி நின்று தப்பித்துக்கொள்ள வேண்டும், ஏறி நிற்கிற இடம் இவள் தோள். நினைக்காதே. அவள் வயது சின்னது, கொஞ்ச நாளில் மறந்துவிடுவாள். மறப்பாளா? இனி யாருக்கும் தலையைத் தூக்கிப் பிடித்து ஒரு வாய் தண்ணீர் கொடுப்பாளா? வேறு மாதிரி யோசி. ஒருவேளை பன்னிரண்டு மணிக்கு நான் அளந்திருந்தாலும் நூற்றெட்டுக்கு எழுபதே வந்திருக்கலாம், யார் கண்டது? டாக்டர் வந்திருந்தாலும் காப்பாற்ற முடியாமல் போயிருக்கலாம். ஒருவேளை. இந்த ஒருவேளையைப் பிடித்துக்கொண்டுதான் பதினோரு வாரம் ஓட்டினேன். ஆனால் அளந்தவளுக்குத்தான் இந்த ஒருவேளை சொந்தம், அளக்காதவளுக்கு ஏது? பதினெட்டு வருட சர்வீஸ். எனக்கு வேறு என்ன தெரியும்? நரம்பு கிடைக்காத குழந்தைக்குக்கூட ஒரே குத்தில் ஊசி ஏற்றுவேன், அதைத் தவிர என்ன தெரியும்? கவுன்சிலில் பெயரை வெட்டிவிட்டால் ஒரு சின்ன கிளினிக்கில்கூட நிற்க முடியாது. அய்யாத்துரை ஒன்றும் சொல்ல மாட்டார், அதுதான் பயம், ஒன்றும் சொல்லாமல் காலையில் வேனைத் துடைத்துக்கொண்டிருப்பார், அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு எத்தனை வருடம் இருப்பது? சொல்லிவிடு, மூன்று கேள்வி, கேட்டுவிட்டு உட்கார். இவளிடம் அப்புறம் தனியாகப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம், ஜூஸால் இல்லம்மா என்று. தாளில் ஒன்று, வாயில் ஒன்றா? தாளில் இருப்பதைத்தான் இவள் அண்ணன் நம்புவான். தாளில் இருப்பதைத்தானே எல்லாரும் நம்புகிறார்கள், நானே அதை வைத்துத்தானே பிழைத்தேன்.

கதவு திறந்தது. அலுவலக உதவியாளர் எங்கள் இரண்டு பெயரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டார். மாரிக்கனி எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, எனக்கு முன்னால் போனாள்.

சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி, வழுக்கைத் தலை, களைத்த நல்ல முகம். பக்கத்தில் கணினியின் முன்னால் தட்டச்சு செய்யும் பெண். என் தாள் மேசைமேல் பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கிறது, என் கையெழுத்து இங்கிருந்தே தெரிகிறது. அவர் மாரிக்கனியிடம் பெயர் கேட்டார், ஊர் கேட்டார், அன்று நடந்ததைக் கேட்டார், அவள் சொல்லச் சொல்ல அந்தப் பெண் தட்டிக்கொண்டே வந்தாள். ஜூஸ் வந்த இடத்தில் மாரிக்கனியின் குரல் இறங்கிவிட்டது. "கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா" என்றார் அவர். அவள் சத்தமாகச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "சாட்சியை நீங்க குறுக்கு விசாரணை செய்யலாம். கேள்வி இருக்கா?" என்றார்.

எழுந்தேன். இருக்கு சார் என்றது என் குரல்.

"ஒரு மணிக்கு நீங்க கட்டில் பக்கத்துல இருந்தீங்களா?"

"இல்ல சிஸ்டர். கீழ போயிருந்தேன்."

தட் தட் தட் என்று அது ஏறியது. ஏறிவிட்டது. முதல் கேள்வி நன்றாகத்தான் போனது, அண்ணன் சொன்னபடியே. இப்போது இரண்டாவது. என்ன குடுத்தீங்க? மூன்று சொல்கூட இல்லை. மாரிக்கனி அதை எதிர்பார்த்து ஏற்கெனவே குனிந்துவிட்டாள், உதடு முன்கூட்டியே அந்தப் பதிலைச் சொல்லிப் பார்க்கிறது, ஊசிக்குக் கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் இப்படித்தான் இருப்பார்கள். நான் அவளைக் குத்த வேண்டும். வலிக்காதும்மா என்று சொல்லிக்கொண்டே குத்த வேண்டும்.

"அடுத்த கேள்வி?" என்றார் அதிகாரி.

"பன்னெண்டு மணிக்கு நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

அவள் நிமிர்ந்தாள். "இருந்தேன்."

"நான் வந்தேனா?"

"வந்தீங்க. ஃபேனை அமத்துனீங்க."

"ஒங்கம்மா கையில பட்டை கட்டி அளந்தேனா?"

அவளுக்கு எனக்கு உதவி செய்ய வேண்டும் என்று தோன்றிவிட்டது, கண்ணில் தெரிந்தது. "அளந்திருப்பீங்க சிஸ்டர். நீங்கதான் எழுதுனீங்களே."

"எழுதுனதை விடுங்கம்மா. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பத்து மணிக்கு அப்புறம் நான் ஒங்கம்மா கையைத் தொட்டேனா?"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, குற்றச்சாட்டு ரெண்டு மணிப் பதிவைப் பத்தித்தான். பன்னெண்டு மணியைப் பத்தி உங்களை யாரும் கேக்கல. இது உங்களுக்கே எதிராப் போகும், புரியுதா?"

"புரியுது சார். ஒரு மணிக்கு நான் போகல. பன்னெண்டு மணிக்கும் அளக்கல. கை சில்லுன்னு இருக்குன்னு அந்தம்மா சொன்னாங்க, தொட்டுப் பாக்கல. தொட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். அப்பவே பிரஷர் இறங்க ஆரம்பிச்சிருச்சு சார். ஜூஸ் குடிக்கதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே. ஜூஸுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அதைத் தனியா எழுதச் சொல்லுங்க."

மாரிக்கனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அவள் தோள் இறங்கியது, நீண்ட நாள் தூக்கி வைத்திருந்த எதையோ கீழே வைத்ததுபோல. அப்புறம் மெல்ல, அவளுக்கே புரியப் புரிய, முகம் மாறியது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.

"பாக்காமலா எழுதுன?" என்றாள். "வாயால சொன்னாங்களே. குளிருதுன்னு சொன்னாங்களே. நீ பாக்காமலா எழுதுன?"

"ஆமாம்மா. பாக்காமத்தான் எழுதுனேன்."

தட்டச்சுப் பெண் கையை நிறுத்திவிட்டு அதிகாரியைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, கண்ணை ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டு, தலையை அசைத்தார். அவள் எழுதத் தொடங்கினாள்.